ஃபிலடெல்பியா ஜெயிலில் ‘வா’ என்றது யார்?

போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பல்கூடத் துலக்கவில்லை, பொள்ளாச்சியிலிருந்து அக்கா போன் பண்ணினாள்.

“தம்பி, நம்ம பையனை என்னமோ கூப்புட்டிருக்குதுடா. வாட்ஸப்புல போட்டுருக்கறேன். மொதல்ல அதைக் கேளு, அப்புறம் காப்பி குடிச்சுக்கலாம்.”

கேட்டேன். 47 விநாடிப் பதிவு. நாலைந்து பேர் நடக்கிற சத்தம், எங்கேயோ இரும்பு உரசுவது, மருமகனுடைய மூச்சு. 31-வது விநாடியில், அடித்தொண்டையிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. “வா.”

அந்தப் பதிவு எடுத்த இடம் அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரம். ஈஸ்டர்ன் ஸ்டேட் பெனிடென்ஷியரி என்கிற பழைய ஜெயில், இப்போது மியூசியம். மருமகனுக்கு நியூஜெர்சியில் வேலை. சனிக்கிழமை லீவுக்குச் சுற்றிப் பார்க்கப் போனவன், 12-ஆம் பிளாக்கில் சிரிப்புச் சத்தம் கேட்கும் என்று யாரோ சொன்னதால் போனை ஆன் செய்து கையில் பிடித்திருக்கிறான். வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் தமிழில் கூப்பிடுகிறது.

அக்கா அதற்குள் முடிவு பண்ணிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துப் பூசுவது, கயிறு வாங்கி கூரியரில் அனுப்புவது. மிளகாய் அரைப்பது திருட்டுக்கும் துரோகத்துக்கும் நியாயம் கேட்க. கடல் தாண்டி இருக்கிற பேய்க்கு அரைக்கலாமா என்று கேட்டேன். “நீ மில்லுல ஸ்பேனர் புடிச்சவன், உனக்கென்ன தெரியும்” என்றாள்.

அது சரிதான். கோவையில் ஒரு நூல் மில்லில் 29 வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். பேயைப் பற்றித் தெரியாது. ஆனால் பழைய கட்டடம் எப்படியெல்லாம் சத்தம் போடும் என்று தெரியும். அதனால் இந்த 47 விநாடியை ஒரு மெஷின் கம்ப்ளெயின்ட் மாதிரி எடுத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று வாரம் ஆனது.

முதலில் அந்த ஜெயில்

கம்ப்ளெயின்ட் வந்தால் முதலில் மெஷினின் வரலாற்றைப் பார்க்கணும். எப்போது வாங்கினது, யார் கை வைத்தது, கடைசியாக என்ன மாற்றினது.

இந்த ஜெயில் 1829 அக்டோபரில் திறந்தது. வடிவமைத்தவர் ஜான் ஹாவிலண்ட். 11 ஏக்கர், சுற்றி 30 அடி மதில், நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு பிளாக்குகள். நடுவில் நின்றால் எல்லாப் பக்கமும் தெரியும். உலகத்தில் சுமார் 300 ஜெயில்களை இதே மாதிரியில் பிற்பாடு கட்டினார்களாம்.

கட்டினவர்கள் கெட்டவர்கள் அல்ல, அதுதான் இதில் விசேஷம். அன்றைக்கு ஜெயில் என்றால் ஆண், பெண், சிறுவன், கொலைகாரன், கடன்காரன் எல்லாரையும் ஒரே கூடத்தில் ஒட்டுக்கா அடைப்பதும், சாட்டையால் அடிப்பதும்தான். அது வேண்டாம், குற்றவாளியைத் தனியாக விட்டால் அவனே தன் மனசாட்சியோடு பேசித் திருந்துவான் என்று ஃபிலடெல்பியாவின் நல்ல மனிதர்கள் நினைத்தார்கள். 1787-லேயே பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வீட்டில் கூடி இதைப் பேசியிருக்கிறார்கள். பெனிடென்ஷியரி என்கிற பேரே மனம் வருந்துவது என்பதிலிருந்து வந்தது.

ஆளுக்கு ஒரு அறை. அறைக்குப் பின்னால் ஆளுக்கு ஒரு சின்ன முற்றம். மேலே கூரையில் ஒரே ஒரு வெளிச்சத் துவாரம், கடவுளின் கண் என்று பேர். அமெரிக்க ஜனாதிபதி மாளிகையிலேயே இல்லாத காலத்தில் இங்கே அறைக்கு அறை தண்ணீர் விடும் கக்கூஸும், சூடு வரும் குழாயும் இருந்தன. ஆனால் யாரோடும் பேசக்கூடாது. வெளியே கூட்டிப்போனால் முகத்தில் முக்காடு போட்டுவிடுவார்கள், பக்கத்து அறைக்காரன் யாரென்றே தெரியாமல் போகும். சோறு துவாரம் வழியாக. சத்தம் வரக்கூடாது என்று காவலர்கள் ஷூவின் மேல் துணி மாட்டி நடந்தார்களாம், சோற்று வண்டியின் சக்கரத்துக்கும் தோல் சுற்றியிருந்ததாம்.

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். காலடிச் சத்தமே கேட்கக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டின கட்டடம். இன்றைக்கு அங்கே சொல்லப்படும் பேய்க் கதைகளில் பாதி, காலடிச் சத்தம்.

1842-ல் இங்கிலாந்து எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து பார்த்தார். மனிதனின் மூளையைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இப்படிக் குலைப்பது உடம்பை வதைப்பதைவிடக் கொடுமை என்கிற பொருளில் எழுதிவிட்டுப் போனார். ஆனாலும் பேருக்கு அந்தத் தனிமை முறை 1913 வரைக்கும் இருந்தது. கூட்டம் பெருகப் பெருக அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று அடைத்து, முறை தானாகச் செத்துப்போனது. மருமகன் நின்ற 12-ஆம் பிளாக், முதலில் கட்டிய ஏழில் ஒன்று அல்ல, 20-ஆம் நூற்றாண்டில் இடம் போதாமல் சேர்த்த மூன்று மாடிக் கட்டடம். தனி முற்றம், துணி மாட்டின ஷூ என்று அவன் கேட்ட கதைக்கும் அந்த பிளாக்குக்கும் சம்பந்தம் குறைவு.

1971-ல் ஜெயிலை மூடினார்கள். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே மரம் முளைத்து ஒரு காடே வளர்ந்தது, பூனைகள் குடியேறின. அந்தப் பூனைகளுக்குச் சோறு போட ஒரே மனிதர் 28 வருஷம் வந்துகொண்டிருந்தார். 1994 முதல் தினசரி பார்வையாளர்களை விடுகிறார்கள்.

அதற்கு முன்பே, 1991-ல், ஹாலோவீன் என்கிற பேய்ப் பண்டிகைச் சமயத்தில் பேய் வேஷம் போட்ட நடிகர்களை வைத்து ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். கூரை ஒழுகுது, பணம் வேண்டும், அதுதான் காரணம். அது வளர்ந்து மியூசியத்தின் பெரிய வருமானமே அதுதான் என்று ஆனது. தப்பென்று சொல்ல மாட்டேன். நம்ம பக்கம் மூடிப்போன மில்களில் எத்தனை கூரை இப்படி ஒரு வழியில்லாமல் விழுந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பேய் அங்கே சம்பாதிக்கிற பிள்ளை என்பதை ஆய்வு செய்கிறவன் மறக்கக்கூடாது.

என்னென்ன சொல்கிறார்கள்

12-ஆம் பிளாக்கில் சிரிப்பும் முணுமுணுப்பும். 6-ஆம் பிளாக்கில் சுவரோரமாக நிழல். 4-ஆம் பிளாக்கில் முகங்கள். காவல் கோபுரத்தில் ஒரு ஆள் நிற்பது. தொண்ணூறுகளில் 4-ஆம் பிளாக்கில் பழைய பூட்டு ஒன்றைத் திறந்த பூட்டுக்காரரை ஏதோ பிடித்து அமுக்கியது என்பதும் ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய கதை அல் கபோன் கதை. சிகாகோ தாதா. 1929 மே மாதம் ஃபிலடெல்பியாவில் துப்பாக்கி வைத்திருந்ததற்காகப் பிடிபட்டு, இந்த ஜெயிலில் ஏழெட்டு மாதம் இருந்தான். கம்பளம், ஓவியம், ரேடியோ எல்லாம் வைத்துக்கொண்டு சொகுசாக இருந்தான் என்று அந்தக் காலத்துப் பத்திரிகையே எழுதியது. அவனுக்கு ராத்திரியில் ‘ஜிம்மி’ வந்து தொந்தரவு கொடுத்தான், போய்விடு என்று கத்துவான், மற்ற கைதிகளுக்குக் கேட்கும் என்பது கதை. ஜிம்மி என்பது ஜேம்ஸ் கிளார்க். அந்த வருஷம் பிப்ரவரி 14-ஆம் தேதி சிகாகோவில் சுவரோரம் நிற்க வைத்துச் சுடப்பட்ட ஏழு பேரில் ஒருவன். சுடச் சொன்னது கபோன் என்பார்கள்.

சரி, கவனியுங்கள். அந்த ஜெயிலின் பேர்பெற்ற பேய், அந்த ஜெயிலில் ஒரு நாளும் இருக்காத ஆள்.

அந்த ஜெயிலில் யாரையும் தூக்கில் போட்டதும் இல்லை. 1959-ல் மரண தண்டனைக் கைதிகளுக்கு என்று 15-ஆம் பிளாக்கைக் கட்டினார்கள், தண்டனை நிறைவேற்றியது வேறு ஊரில்.

அப்படியானால் அங்கே கொடுமையாகச் சாகவே இல்லையா யாரும்? செத்திருக்கிறார்கள். 1833-ல் மத்தாயஸ் மக்கம்ஸி என்று ஒரு கைதி. சும்மா இருக்கச் சொன்ன இடத்தில் பேசினான், அதுதான் குற்றம். வாயில் இரும்புக் கடிவாளம் மாட்டினார்கள். நாக்கின் மேல் இரும்புப் பட்டை, அதிலிருந்து சங்கிலி, கையைப் பின்னால் முறுக்கி அதோடு சேர்த்துக் கட்டு. கை தளர்ந்தால் நாக்கு இழுபடும். அதிலேயே செத்துப்போனான். அடுத்த வருஷம் சட்டசபை விசாரணையே நடந்தது.

பேய்க் கதைப் பட்டியல் பத்துப் பன்னிரண்டு படித்தேன். ஒன்றிலும் மக்கம்ஸி வரவில்லை. ஜிம்மி எல்லாவற்றிலும் வருகிறான். பெப் என்கிற நாய் கூட வருகிறது. 1924-ல் கவர்னர் மனைவியின் பூனையைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை என்று ஒரு புரளி. சி-2559 என்று நம்பர் கொடுத்து நாய்க்கு எடுத்த கைதி போட்டோ இன்றும் இருக்கிறது. உண்மையில் கைதிகளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கவர்னர் கொடுத்த வளர்ப்பு நாய். நாய்க்குக் கிடைத்த இடம் அந்த ஆளுக்குக் கிடைக்கவில்லை.

மில்லில் ஒரு மூலை

இப்போது என் பக்கத்துக் கதை ஒன்று.

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் வேலை செய்த மில்லில் ஸ்பின்னிங் டிபார்ட்மென்ட்டின் வடகிழக்கு மூலையில் நைட் ஷிப்டில் யாரும் நிற்க மாட்டார்கள். நெஞ்சை அடைக்கும், யாரோ பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும், மயிர்க்கூச்செறியும். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பழைய பாய்லரில் செத்த ஒருத்தர் பேரைச் சொன்னார்கள். காத்துக்கருப்பு என்று வேப்பிலை கட்டினார்கள்.

எனக்கும் நெஞ்சு அடைத்தது, அதை மறைக்கவில்லை. ஒரு நாள் அந்த மூலைச் சுவரில் கையை வைத்தபோது சுவர் லேசாக நடுங்கியது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்காது, உள்ளங்கைக்கு மட்டும் தெரியும். ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்தேன். மேலே வட்ட வட்டமாக அலை. சுவருக்கு அந்தப் பக்கம் காற்றில் ஈரம் ஏற்றுகிற ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டின் பெரிய ஃபேன். ஒரு இறக்கையில் பஞ்சும் ஈரமும் சேர்ந்து இறுகி எடை கூடியிருந்தது. சுரண்டி எடுத்து, பேலன்ஸ் செய்து, பெல்ட் மாற்றினோம். அந்த மூலை சரியாகிவிட்டது.

ஆனால் அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு வெளியே கருப்பராயனுக்குக் கிடா வெட்டினார்கள். பெருமை ஃபேனுக்கா கிடாவுக்கா என்பது இன்றுவரை தீரவில்லை. கறி நானும் சாப்பிட்டேன்.

பத்து வருஷம் கழித்துத்தான் இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று தெரிந்தது. இங்கிலாந்தில் விக் டான்டி என்கிற இன்ஜினியர், பேய் இருப்பதாகச் சொன்ன ஒரு லேபில் வேலை செய்தார். வாள்வீச்சுக்கான வாளை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் மாட்டி வைத்திருந்தபோது அதன் நுனி தானாக ஆடியது. தேடிப் பார்த்தால் புதிதாகப் போட்ட ஒரு ஃபேன், சுமார் 19 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 19 தடவை, காற்றை அதிர வைக்கிறது. மனிதக் காது கேட்பது 20-க்கு மேல்தான். 1998-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். எல்லாப் பேயும் ஃபேன் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த அளவு அதிர்வு எல்லாரையும் பயமுறுத்துவதாக அப்புறம் செய்து பார்த்தவர்கள் உறுதி செய்யவும் இல்லை. என்னிடம் கேட்டால், சுவரில் கை வைத்துப் பார்க்காமல் வேப்பிலை கட்டாதீர்கள் என்பேன், அவ்வளவுதான்.

மருமகன் பதிவில் இந்த மாதிரி அதிர்வுக்கு வேலை இல்லை. பயந்தது அவன் அல்ல, அவன் அம்மா. அங்கே இருந்தது குரல்.

டீக்கடைப் பரிசோதனை

பல்லடம் ரோட்டில் நான் வழக்கமாகப் போகிற டீக்கடையில் ஆறு பேரிடம் அந்த விநாடிகளைப் போட்டுக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. “என்ன கேக்குதுங்க?” அவ்வளவுதான்.

ஒருத்தர் இருமல் என்றார். ஒருத்தர் கதவு என்றார். இரண்டு பேர் இங்கிலீஷ் என்றார்கள். பரோட்டா மாஸ்டர் நாய் என்றார். கடைக்காரர் காது கொடுத்து மறுபடி கேட்டுவிட்டு, “ஏனுங், இது ரேடியோங்களா?” என்றார். ‘வா’ என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அப்புறம், “ஒரு ஜெயில்ல எடுத்ததுங்க. ‘வா’ன்னு கூப்புடுதாம்” என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டேன்.

ஆறு பேருக்கும் கேட்டது. இருமல் என்றவர் பெஞ்சை விட்டு எழுந்தே விட்டார். பரோட்டா மாஸ்டர், “வாடான்னு கேக்குதுங்” என்று ஒரு எழுத்துச் சேர்த்தார்.

ஒலியில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் மூளை தனக்குத் தெரிந்த சொல்லை வைத்து அடைத்துவிடும். தறி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தறியே பேர் சொல்லிக் கூப்பிடும் என்பார்கள். நம்ம ஆள் காதுக்குத் தமிழ் கேட்கிறது. அதே பதிவை அந்த ஊர்க்காரன் கேட்டால் அவன் பாட்டி பேரைக் கூப்பிடும்.

ஆனால் கடைக்காரர் சொன்ன ‘ரேடியோ’ என்னை விடவில்லை. ஹெட்போனில் பத்து முறை கேட்டேன். அந்தக் குரலுக்குக் கட்டடத்தின் எதிரொலி இல்லை. அவ்வளவு உயரமான, வெறும் கல்லும் சாந்தும் உள்ள இடத்தில் காலடி ஒவ்வொன்றும் இழுத்துக்கொண்டு போகிறது. இந்தக் குரல் மட்டும் சட்டென்று நின்றுவிடுகிறது. போனுக்குப் பக்கத்தில், மிகச் சின்னதாக ஒலித்த குரல். தகரடப்பாவுக்குள் பேசின மாதிரி.

மருமகனைக் கூப்பிட்டேன்.

“கண்ணு, அங்க உள்ள போறப்ப ஏதாச்சும் கையில குடுத்தாங்களா?”

“டிக்கெட் மாமா. அப்புறம் ஆடியோ கைடு. நம்பர் அமுக்கினா அந்த இடத்தைப் பத்திச் சொல்லும்.”

“போன்ல ரெக்கார்ட் பண்ணறப்ப அது எங்க இருந்துச்சு?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஹெட்செட் கழுத்துல தொங்கிட்டு இருந்துச்சுங் மாமா. ஆஃப் பண்ணுன மாதிரி ஞாபகம் இல்ல.”

கேஸ் அநேகமாக முடிந்தது. அநேகமாக என்றுதான் சொல்வேன். அதே நம்பரை அமுக்கி, அதே இடத்தில் நின்று, மறுபடி பதிவு செய்து இரண்டையும் ஒத்துப் பார்த்தால்தான் ஃபிட்டர் கையெழுத்துப் போடலாம். மருமகன் மறுபடி போகிறேன் என்றான், அவன் பெண்டாட்டி வேண்டாம் என்றுவிட்டாள்.

இதில் ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஆடியோ கைடை ஒரு நடிகர் சொல்லிக்கொண்டு போகிறார். இடையிடையே அங்கே வேலை பார்த்த காவலர்களும், அங்கே அடைபட்டிருந்த கைதிகளும் தங்கள் சொந்தக் குரலில் பேசுகிறார்கள். அந்த ‘வா’, அந்த நடிகருடையதாக இருக்கலாம். ஜெயிலில் வருஷக்கணக்கில் கிடந்த ஒருத்தருடையதாகவும் இருக்கலாம்.

நம்ம ஊர் ஜெயில்

விவரம் சொல்லத்தான் ஒரு நாள் பொள்ளாச்சி போனேன். அக்கா எல்லாம் கேட்டுவிட்டு, “நம்ம கோயமுத்தூர் ஜெயிலும் பழசுதானடா? அங்க பேயே இல்லியா?” என்றாள்.

கோவை மத்திய சிறை 1872-ல் வந்தது, அதுவும் ஒன்றரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. எங்கள் தெருவில் ரிட்டையர்டான வார்டர் ஒருத்தர் இருக்கிறார். இதே கேள்வியை அவரிடம் கேட்டிருக்கிறேன். “நைட் பாராவுக்குத் தூக்கந்தாங்க பேய்” என்றார். வேறு ஒன்றும் அவரிடம் தேறவில்லை.

ஆனால் அங்கே ஒரு செக்கு இருக்கிறது. 1908 ஜூலையில் வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை, 40 வருஷம். கப்பல் விட்ட வக்கீலை இந்த ஜெயிலில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். 1910 டிசம்பரில் கண்ணனூர் சிறைக்கு மாற்றும் வரை இங்கேதான் இருந்தார். அந்தச் செக்குக்கு இன்றும் அவர் பிறந்தநாளில் மாலை போடுகிறார்கள். அதைச் சுற்றிச் சங்கிலிச் சத்தம் கேட்குது, முனகல் கேட்குது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. யார் இழுத்தது, எதற்கு இழுத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே கற்பனைக்கு மீதம் இல்லை.

அக்காவிடம் மக்கம்ஸி கதையையும் சொன்னேன். வாயில் இரும்பு மாட்டினது, பேசினதற்காக மாட்டினது. அவள் வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

“பேசுனதுக்கா?”

“பேசுனதுக்கு.”

“மாங்கா தின்னதுக்கு மாசாணியக் கொன்ன மாதிரி.”

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆற்றில் வந்த மாங்காயைத் தின்ற பெண்ணை நன்னன் என்கிற அரசன் கொன்ற கதை குறுந்தொகையிலேயே இருக்கிறது. 81 யானையும், அவள் எடைக்குத் தங்கப் பாவையும் தருகிறோம் என்றார்கள், அவன் கேட்கவில்லை. அந்தப் பெண்தான் ஆனைமலையில் படுத்திருக்கிற மாசாணி என்று நம்ம பக்கம் சொல்வார்கள். அக்கா வெள்ளிக்கிழமை தோறும் போய்க் கும்பிடுவது, தப்பில்லாமல் தண்டனை வாங்கின ஒருத்தியை.

“எப்படியும் நாளைக்குக் கோயிலுக்குப் போறேன்” என்றாள். “பையனுக்குக் கயிறு வாங்கோணும். ஃபேனோ ரேடியோவோ, அது உன்ர வேலை.” அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவன் பேரென்ன சொன்னே?”

“மக்கம்ஸி.”

இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். வாயில் நுழையவில்லை.

“சரி போ, மக்காஞ்சாமின்னு சொல்லி ஒரு விளக்குப் போட்டுடறேன்.”